குளிரில் ஓடக் கிளம்பும்போது கொஞ்சம் நடுங்க வேண்டும்

குளிர்கால ஓட்டத்துக்கு உடை எடுக்கும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான்: கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் குளிருக்குப் பயந்து உடுத்திக்கொள்வது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் நிலைமை தலைகீழாகிவிடும். ஓடும்போது உடம்பு எரிக்கும் சக்தியில் முக்கால் பங்கு வெறும் வெப்பமாகத்தான் மாறுகிறது. அது வெளியேற வழியில்லை என்றால் வியர்த்துக் கொட்டும், அந்த வியர்வை துணியில் தங்கும். ஒரு சிக்னலில் நின்றாலோ ஏற்றத்தில் நடந்தாலோ வெப்பம் குறைந்துவிடும், ஈரம் மட்டும் அப்படியே இருக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், ஈரத்துணியோடு திரும்பி வரும் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் நிஜமான குளிர்.

அதனால் வெப்பமானி காட்டுவதோடு 8 முதல் 10 டிகிரி கூட்டிக்கொண்டு உடுத்துங்கள். வெளியே 2 டிகிரி என்றால், 10 அல்லது 12 டிகிரியில் சும்மா நடந்துபோக எதைப் போடுவீர்களோ அது போதும். மெதுவாக ஓடுபவர்கள், நடுநடுவே நடப்பவர்கள் 5 டிகிரி மட்டும் கூட்டினால் போதும். வாசலில் நிற்கும்போது இதமாக இருந்தால் ஒரு அடுக்கு அதிகம் என்று அர்த்தம்.

வெப்பமானி காற்றைக் கணக்கில் எடுக்காது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலே 10 கிலோமீட்டர் காற்று எதிரே வருவது போலத்தான். 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றும் சேர்ந்தால் 25. மைனஸ் 5 டிகிரியில் அந்தக் காற்று தோலுக்கு மைனஸ் 12 போல இருக்கும். ஆகவே போகும்போது காற்றை எதிர்த்தும், வியர்த்த பிறகு திரும்பும்போது காற்று முதுகில் அடிக்கும்படியும் வழியைப் போட்டுக்கொண்டால் ஒரு துணியே மிச்சமாகும்.

இனி துணி. பருத்தி வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும், காரணம் அவ்வளவாகத் தெரியாது. பருத்தி நூல் ஈரத்தைத் தனக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும், விடாது. பாலியஸ்டர் நூல் தன் எடையில் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. ஆனால் அதை வைத்து எந்தப் பாலியஸ்டரும் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நூலுக்குள் போகாத தண்ணீர் நூல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தங்கும், தடிமனான துணியில் அந்த இடம் அதிகம். கடையில் தொட்டுப் பார்த்தால் சுகமாக இருக்கும் மொத்தமான ஸ்வெட்ஷர்ட் பாலியஸ்டரானாலும் கடைசியில் ஈரமூட்டைதான். குளிரில் மெல்லிய துணியைத் தேடுவதற்கு எடை இரண்டாவது காரணம். சீக்கிரம் உலரும் என்பதே முதல் காரணம்.

லேபிளில் ஜி.எஸ்.எம். பாருங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது அது. தோலோடு ஒட்டும் உள்ளடுக்குக்கு 100 முதல் 150 போதும். 200-க்கு மேல் போனால் அது நடைக்கும் மலையேற்றத்துக்குமான துணி. மெரினோ கம்பளி கணிசமான ஈரத்தை நூலுக்குள் வாங்கிக்கொண்டும் தோலில் சில்லென்று படாது, நாற்றமும் பிடிக்காது. ஆனால் பாலியஸ்டரைவிட மெதுவாகத்தான் உலரும், மெல்லிய மெரினோவில் சீக்கிரம் ஓட்டை விழும். 10 முதல் 15 சதவீதம் நைலான் கலந்ததை வாங்கினால் கொஞ்சம் தாங்கும். என் கணக்கு: ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேகமான ஓட்டத்துக்குப் பாலியஸ்டர், நீண்ட மெதுவான ஓட்டத்துக்கு மெரினோ.

வலைப் பனியனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1930-களில் நார்வே ராணுவ அதிகாரி ஒருவர் மீன்வலையை வைத்து உருவாக்கிய யோசனை அது. ஓட்டைகளில் காற்று தங்கிச் சூடு காக்கும், ஈரமான வெளித்துணி தோலில் ஒட்டாது. எடையும் மிகக் குறைவு.

நடு அடுக்கு எல்லா நாளும் தேவைப்படாது. மைனஸ் 7, 8-க்குக் கீழே போனால்தான் அதைப் பற்றியே யோசிக்கலாம். அப்போதும் உள்பக்கம் கட்டம் கட்டமாக இருக்கும் கிரிட் ஃபிளீஸ், அல்லது போலார்டெக் ஆல்ஃபா டைரக்ட் போன்ற பஞ்சுபோன்ற வலைத்துணி. பிந்தையது 90 ஜி.எஸ்.எம். அளவிலேயே கிடைக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். தனியாகப் போட்டால் காற்று ஊடுருவிப் போய்விடும், மேலே மெல்லிய ஜாக்கெட் ஏறியதும் நல்ல சூடு. முதுகுப்பை உரசினால் நூல் பிரியும் என்பது அதன் குறை.

வெளி அடுக்கில்தான் பணம் வீணாகிறது. பலரும் மழை ஜாக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். காய்ந்த குளிரில் தேவைப்படுவது காற்றுத்தடுப்பு ஜாக்கெட்: 10 முதல் 20 டெனியர் (நூலின் பருமனைக் குறிக்கும் அளவு) நைலான், 60 முதல் 120 கிராம், மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. துணியை உதட்டோடு ஒட்டி வைத்து ஊதுங்கள். மூச்சு துளியும் புகவில்லை என்றால் அது மழைத்துணி, உள்ளே நீராவி அடைபட்டுச் சொட்டும். தடையில்லாமல் போனால் காற்றைத் தடுக்காது. அழுத்தி ஊதினால் மட்டும் மறுபக்கம் லேசாக உணர முடிகிறதா, அதுதான் ஓட்டத்துக்கானது.

மழை ஜாக்கெட்டுக்கு உரிய நாள் ஒன்று உண்டு: 0 முதல் 4 டிகிரியில் மழை. காய்ந்த மைனஸ் 8-ஐவிட இது மோசமான வானிலை. அன்றைக்கு 10,000 மில்லிமீட்டர் நீர்த்தாங்கு அளவுள்ள (அத்தனை உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்று அர்த்தம்), தையல்கள் டேப் ஒட்டிய ஜாக்கெட் போட்டு, உள்ளே ஒரு அடுக்கைக் குறையுங்கள். அக்குளில் ஜிப் இருந்தால் நல்லது.

ஜிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஓடும்போது கையில் இருக்கும் ஒரே ரெகுலேட்டர் அதுதான். உள்சட்டையில் கழுத்திலிருந்து 20, 25 சென்டிமீட்டர் இறங்கும் அரை ஜிப் இருக்கட்டும். வியர்த்த பிறகு திறப்பதில் பயன் குறைவு. நெற்றியில் ஈரம் உணரும் முன்பே, சூடு ஏறுகிறது என்று தோன்றும்போதே முதலில் ஜிப், பிறகு கையுறை, பிறகு குல்லா என்ற வரிசையில் திறந்துகொண்டே போங்கள். நிற்பதற்கு ஒரு நிமிடம் முன்பே மறுபடி மூடிவிடுங்கள்.

காலுக்கு 5 டிகிரி வரை சாதாரண டைட்ஸ் போதும், 8-க்கு மேல் பலருக்கு ஷார்ட்ஸே போதும். மைனஸில் உள்பக்கம் பிரஷ் செய்து பஞ்சுபோல மென்மையாக்கிய, தொடையின் முன்பக்கம் மட்டும் காற்றுத்தடுப்புத் துணி வைத்த டைட்ஸ் நல்லது. ஆண்கள் முன்பக்கக் காற்றுத்தடுப்பு உள்ள உள்ளாடையை அலட்சியம் செய்ய வேண்டாம். மெல்லிய பேன்ட்டோடு குளிரில் ஓடியவருக்கு அந்த இடத்தில் உறைபனிக் காயம் வந்தது 1977-லேயே மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. பெண்களுக்கு, கடைசி வரை உலராத துணி ஸ்போர்ட்ஸ் பிரா. மொத்தமான ஃபோம் வைத்ததைத் தவிருங்கள், ஓட்டம் முடிந்ததும் முதலில் மாற்ற வேண்டியதும் அதுவே.

கையில், ஐந்து விரலும் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் சூடு காக்கும். மெல்லிய கையுறையும் அதன்மேல் 30, 40 கிராம் காற்றுத்தடுப்பு மிட்டனும் சேர்ந்தால் 5 முதல் மைனஸ் 15 வரை சமாளிக்கலாம். உடம்பின் பாதி வெப்பம் தலை வழியே போகிறது என்பது கட்டுக்கதை, தலையின் பரப்புக்கு ஏற்ற அளவே போகும். காது எளிதில் உறையக்கூடியது, பெரும்பாலும் அதை மூடினால் போதும். கழுத்தில் போடும் குழாய்த்துணியை மூக்குக்கு மேல் இழுத்தால் மூச்சின் ஈரம் அங்கே உறைந்துவிடும், அவ்வப்போது சுற்றித் திருப்பிக் காய்ந்த பக்கத்தை முன்னால் கொண்டுவாருங்கள். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28-ஐ எட்டினால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். அன்றைக்கு ட்ரெட்மில்தான்.

காலுறை இரண்டு ஜோடி போடுவது எதிர்விளைவைத்தான் தரும். ஷூ இறுகி ரத்த ஓட்டம் குறைந்தால் விரல்கள் இன்னும் சில்லிடும். ஒரு ஜோடி மெரினோ போதும். ஷூவின் முன்பக்க வலைத்துணி வழியாகக் காற்று நுழைகிறது என்றால் விரல்களுக்கு மேலே டேப் ஒட்டிப் பாருங்கள், அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

எது உங்களுக்குச் சரி என்பதைச் சமையலறைத் தராசு சொல்லும். கிளம்பும் முன் ஒவ்வொரு மேல்துணியையும் தனித்தனியாக எடை போட்டு, வந்ததும் மறுபடி போடுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் வியர்வை. 100 கிராம் கூடியிருந்தால் அதை உலர்த்த ஏறத்தாழ 240 கிலோஜூல் வெப்பம் வேண்டும், நீங்கள் அதை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அதில் பெரும்பகுதியைக் கொடுப்பது உங்கள் உடம்பு. உள்சட்டை லேசாகி வெளி ஜாக்கெட் கனத்தால் ஜாக்கெட் மூச்சு விடவில்லை. இரண்டுமே கனத்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள்.

துவைக்கும்போது கம்ஃபர்ட் போன்ற ஃபேப்ரிக் கண்டிஷனர் கூடாது, அது நூலின்மேல் படிந்து வியர்வையை நகரவிடாது. மெரினோவை 30 டிகிரிக்குள் துவைத்துத் தட்டையாக விரித்து உலர்த்துங்கள். ஜாக்கெட்டின்மேல் தண்ணீர் முத்தாக உருளாமல் படர ஆரம்பித்தால் முதலில் நன்றாகத் துவைத்து, லேபிள் அனுமதித்தால் ட்ரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் ஓடவிடுங்கள், அப்படியும் படர்ந்தால் நீர்விலக்கி ஸ்ப்ரே. ஓடி வந்த அன்றைக்கு மட்டும் ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பித் தொங்கவிடுங்கள், ஈரம் இருப்பது அந்தப் பக்கத்தில்தான்.