வெள்ளம் வடிந்ததும் முதல் வேலை கிணறு

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு நிவாரணம் கொண்டுபோகும் அமைப்புகள் தயவுசெய்து கவனியுங்கள். அடுப்பு முங்கிக் கிடக்கிற வீட்டில் அரிசியை வைத்து என்ன செய்ய? முதல் மூன்று நாள் சமைத்த சாப்பாடு கொடுங்கள். பழைய துணி வேண்டவே வேண்டாம். பாய், போர்வை, நைட்டி, சாரம் (லுங்கி), நாப்கின் போதும்.

வெள்ளம் வடிந்ததும் கிணறு. கலங்கலை மெதுவாக இறையுங்கள். சுற்றுமண் ஊறியிருக்கும்போது ஒரேயடியாக வற்ற இறைத்தால் உறை சரிந்துவிடும். பிறகு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடர். 2 மீட்டர் அகல வட்டக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 9,400 லிட்டர்; 24 கிராம் வேண்டும். பவுடரை அப்படியே கொட்டக்கூடாது. வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்து, 10 நிமிடம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டவேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போனால் தண்ணீர் கடினமாகும்.

ஒரு மணி நேரம் கழித்து குளோரின் சோதனை. லிட்டருக்கு 0.5 மி.கி. இல்லையென்றால் இன்னும் சேர்க்கவேண்டும். கலங்கல் நீர் குளோரினைத் தின்றுவிடும். மூட்டை திறந்து கிடந்து கட்டிதட்டிய பவுடரில் வீரியம் இருக்காது. புது மூட்டையே வாங்குங்கள்.