எச்சரிக்கைச் சீட்டு கைக்கு வந்த பிறகு

அமெரிக்க நடுமேற்கு மாநிலம் ஒன்றில், இரவு பத்து மணிக்கு மேல் தனியாகக் கார் ஓட்டிச் சென்றபோது, ஓரக் கோட்டைத் தாண்டியதாகச் சொல்லி ஒரு காவலர் என்னை நிறுத்தினார். உரிமத்தையும் பதிவு, காப்பீட்டுச் சான்றுகளையும் வாங்கிச் சென்றவர், 14 நிமிடங்களில் திரும்பிவந்து அவற்றோடு எச்சரிக்கைச் சீட்டையும் கொடுத்தார். அபராதம் இல்லை.

நான் சாவியைத் திருப்பப் போன நேரத்தில், வண்டியைச் சோதிக்கலாமா என்று கேட்டார். ஊரிலிருந்து வந்த இரண்டு கிலோ மிளகாய்த்தூளைத் தவிர உள்ளே எதுவும் இல்லை. ஆனாலும் சம்மதமில்லை என்றேன். "நான் போகலாமா?" என்று கேட்டதற்கு, "காத்திருங்கள்" என்றார். மோப்ப நாய் வந்து காரை இருமுறை சுற்றிவிட்டுப் போக மேலும் 22 நிமிடங்கள் ஆயின. நாய் எதையும் காட்டவில்லை.

மறுவாரம் நான் பார்த்த வழக்கறிஞர், நெப்ராஸ்கா மாநிலத்தில் எழுந்த ரோட்ரிகெஸ் வழக்கில் 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எடுத்துவைத்தார். அந்த வழக்கிலும் எச்சரிக்கைச் சீட்டு கொடுத்து ஏழெட்டு நிமிடங்கள் கழித்தே நாய் மோப்பம் பிடித்திருந்தது; காரில் போதைப்பொருள் சிக்கி, ஓட்டுநர் ரோட்ரிகெஸ் தண்டனை பெற்றிருந்தார். உரிமம், பிடியாணை, பதிவு, காப்பீடு ஆகியவற்றைச் சரிபார்த்துச் சீட்டு எழுதுவதுதான் நிறுத்தியதன் வேலை என்றும், அது முடிந்ததும், அல்லது நியாயமாக முடிந்திருக்க வேண்டிய நேரத்தில், தடுத்துவைக்கும் அதிகாரமும் முடிந்துவிடுகிறது என்றும் நீதிபதி கின்ஸ்பர்க் எழுதினார். இத்தனை நிமிடம் என்ற கணக்கு அதில் இல்லை. சீட்டு எழுதப்படும் நேரத்திலேயே, தாமதம் சேராமல், இன்னொருவர் நாயைச் சுற்றிவரச் செய்தால் அது செல்லும் என்பது 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஓட்டுநரே சம்மதித்தாலோ, குற்றம் நடப்பதாகச் சந்தேகிக்கக் குறிப்பான காரணம் இருந்தாலோ நிறுத்தத்தை நீட்டிக்கலாம். சோதனைக்கு மறுத்தது மட்டுமே அத்தகைய காரணமாகாது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தீர்ப்புக்குக் காரணமான அந்த ரோட்ரிகெஸுக்கே பயன் கிடைக்கவில்லை: அன்றைய முன்தீர்ப்புகளை நம்பிக் காவலர் நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டார் என்று சொல்லி, கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்துவிட்டது.

நான் எழுத்துமூலம் புகார் கொடுத்து, காவல் வண்டியின் கேமரா பதிவையும் கேட்டு வாங்கினேன். சீட்டு கைமாறுவதும் என் கேள்வியும் அதில் தெளிவாகவே இருந்தன. ஆறு வாரம் கழித்து வந்த பதில், "ஓட்டுநர் பதற்றமாகக் காணப்பட்டார்" என்றது. பதற்றம் மட்டும் போதாது என்று பல நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதாக வழக்கறிஞர் கூறினார். வழக்குச் செலவையும் அவரே கூறினார். நான் அத்தோடு விட்டுவிட்டேன்.