திருவல்லிக்கேணியில் வாடகைக்கு இருப்பவன்

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டை இடிக்க ஆரம்பித்தால் போதும், யாராவது வந்து தூணையும் கதவையும் படம் எடுத்துப் போட்டு, நம் பாரம்பரியம் போச்சு என்று எழுதிவிடுகிறார்கள். எழுதுகிறவர் குடியிருப்பது பெரும்பாலும் வேறு எங்கோ. படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஐந்தாறு குடித்தனம் இருந்ததே, அவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் இருப்பதும் அப்படி ஒரு வீட்டில்தான். ரேழி தாண்டினால் முற்றம், சுற்றிலும் போர்ஷன்கள், மாடியில் இன்னும் இரண்டு. கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். சித்திரை வெயிலிலும் உள்ளே வந்தால் குளுகுளுவென்று இருக்கும். ஐப்பசியில் ஒழுகும். அந்த வேலை தெரிந்த ஆள் இப்போது லேசில் அகப்படுவதில்லை, வருகிற மேஸ்திரி மேலே சிமென்ட்டைப் பூசிவிட்டுப் போய்விடுகிறார், ஈரம் வெளியேற வழியில்லாமல் உத்தரம் உளுக்கிறது. இது போதாதென்று காலையில் பாத்ரூமுக்கு முறை வைத்து நிற்க வேண்டும். போர்ஷன் வாழ்க்கையை ரொம்பப் புகழ்கிறவர்கள் அந்த வரிசையில் ஒரு வாரம் நின்று பார்க்கலாம்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை குடித்தனக்காரரைக் கிளப்புவது என்றால் கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டும். வாடகை சொற்பம், அதனால் ரிப்பேருக்குக் காசு போட யாருக்கும் மனசு வரவில்லை. இன்று ஒழுகுகிற கூரைகளில் பாதி அந்தக் காலத்தில் விட்டது என்பேன். 2019இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது எல்லாம் எழுத்து ஒப்பந்தம், காலம் முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். அதோடு பாட்டன் சொத்துக்கு ஏழெட்டு வாரிசு. முற்றத்தை எப்படிப் பாகம் பிரிப்பது? பில்டர் வந்து ஆளுக்கொரு ஃப்ளாட், மிச்சம் எனக்கு என்றால் சண்டை தீர்ந்தது. நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த ஊர் ரொம்பப் பழையது. பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு இருக்கிறது, ஆங்கிலேயர் 1676வாக்கில் கோல்கொண்டா சுல்தானிடமிருந்து குத்தகைக்கு எடுத்த கிராமம் இது, வாலாஜா பெரிய மசூதி 1795இல் எழுந்தது. சரி. ஆனால் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆட்களை எடுத்துப் பாருங்கள். பாரதியார் கடைசிக் காலத்தில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் இருந்தது வாடகை வீட்டில். கணித மேதை ராமானுஜனும் கொஞ்ச காலம் இங்கே குடியிருந்தார். அப்புறம் மேன்ஷன்கள் என்கிற பேச்சிலர் விடுதிகள், எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய பையன்கள். கையில் அதிகம் இல்லாதவன் வந்து ஒண்டிக்கொள்ள இங்கே எப்போதும் ஓர் அறை கிடைத்தது. புதுக் கட்டடங்களில் அந்த அறைதான் கிடையாது. கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே மூன்று பெட்ரூம். தெரு என்னவோ அதே அகலம்தான், ஒரு கார் திரும்பினால் ஆட்டோ பின்னால் போக வேண்டும்.

பக்கத்து வீட்டை இடித்தபோது அங்கே தெருப்பக்கப் போர்ஷனில் இருந்த பூக்கார அக்கா பெரும்பாக்கம் பக்கம் போய்விட்டார். வியாபாரம் இங்கேதான், அதனால் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிறார், கூடையை இறக்குவது அதே இடத்தில். இப்போது அங்கே கேட் இருக்கிறது. போன வாரம் வாட்ச்மேன், "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ, வண்டி வரணும்" என்றார். அக்கா நகர்ந்து உட்கார்ந்துகொண்டே, "இந்த கேட்டு இருக்கிற இடத்துலதான்ப்பா எங்க அடுப்பு இருந்துச்சு" என்றார். சும்மா தகவல் மாதிரிதான் சொன்னார். வாட்ச்மேனுக்கும் ஊர் ஒடிசா, பாதிதான் புரிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்காரரின் மகன்களும் சமீபத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். கேட்டால், சும்மா பார்க்கத்தான் சார் என்கிறார்கள். மடிப்பாக்கம் பக்கம் இப்போதே பார்த்துவைக்கலாம் என்று வீட்டில் நச்சரிப்பு. ஒப்பந்தம் தை வரைக்கும் இருக்கிறது, அதுவரை நகருவதாக இல்லை. அட்வான்ஸை எந்த மாதம் திருப்பித் தருவீர்கள் என்று மட்டும் பெரியவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.