புரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள்

அரசு வங்கிகளில் ஆணுக்கொரு சம்பளம், பெண்ணுக்கொரு சம்பளம் என்ற பேச்சே கிடையாது. வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிப் போடும் இருதரப்பு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி என்று எல்லாம் இருக்கும். வாங்குபவர் ஆணா பெண்ணா என்பது மட்டும் இருக்காது. 1982இல் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது, தனியார் பள்ளியில் டீச்சராக இருந்த என் அக்காவால் இதை நம்பவே முடியவில்லை. அவள் பள்ளியில் ஒரே வகுப்புக்குப் பாடம் எடுத்த ஆண் வாத்தியாருக்குக் கூடுதல் சம்பளம். கேட்டால், "அவர் குடும்பஸ்தர்" என்பார்களாம்.

அதனால் வங்கியில் சமத்துவம் வந்துவிட்டது என்றுதான் நானும் வெகுகாலம் சொல்லித் திரிந்தேன். பாதி உண்மைதான். மீதிப் பாதி புரமோஷன் லிஸ்ட் வரும் நாளில் தெரியும்.

கிளார்க்கிலிருந்து ஆபீசர் ஆக எழுத்துத் தேர்வு, பிறகு இன்டர்வியூ. எழுத்துத் தேர்வில் எங்கள் பெண்கள் சோடை போனதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே வங்கி ஊழியர்களுக்கான சிஏஐஐபி தேர்வுப் புத்தகத்தைப் புரட்டியவர்கள். லிஸ்டில் பெயர் வந்ததும் கிளைக்கு லட்டு வரும். இரண்டு மூன்று நாளில் போஸ்டிங் ஆர்டர் வரும், பெரும்பாலும் வேறு மாநிலத்துக்கு, அதுவும் கிராமக் கிளைக்கு. லட்டு வாங்கிக் கொடுத்தவர் ஒரு வெள்ளைத்தாள் கேட்பார். சொந்தக் காரணங்களால் பதவி உயர்வை ஏற்க இயலவில்லை என்று நாலு வரி. சிலர் போய்ச் சேர்ந்துவிட்டு, சில மாதங்களில் ரிவர்ட் ஆகி, அதாவது பழைய பதவிக்கே இறங்கி, மறுபடி கவுன்ட்டருக்கே வந்து உட்கார்ந்ததும் உண்டு. அப்படி வந்தவர்களைப் பார்த்து, "பெண்களுக்குப் பொறுப்பு என்றாலே பயம்" என்று ஒரு மேனேஜர் சிரித்தார். அவர் மனைவியும் வங்கி ஊழியர்தான், கடைசிவரை கிளார்க்.

இந்தத் தம்பதிக் கணக்கைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். கணவன் மனைவி இருவரும் வங்கியில் இருக்கும் குடும்பங்கள் தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் ஏராளம். பலரும் ஒரே ஆண்டு சேர்ந்தவர்கள், ஒரே சம்பளம். பிள்ளை பிறந்த பிறகு, "ரெண்டு பேரும் ஊர் ஊராப் போனா குழந்தைங்க படிப்பு என்னாகும்?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதில் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றாகவே இருந்தது: அவர் போகட்டும், நான் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மனைவிதான் தேர்வில் கணவனைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர். அங்கேயும் அதே பதில்தான். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, சண்டைகூட இல்லை. அதனாலேயே நிர்வாகத்தின் ஃபைலில் அது எந்தக் குறையாகவும் பதிவாகாது. அந்த அம்மாளே எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறதே!

நான் போனேன். 1991இல் ஆந்திராவில், கடப்பா மாவட்டத்தில் ஒரு கிளை. தைரியம் என்று பிறகு பலர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு என் மாமியாருக்குப் போக வேண்டியது. "நீ போ, பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது அத்தைதான். அவருக்கு அப்போதே மூட்டுவலி. என்னோடு மேலே வந்த பெண்கள் எல்லோரையும் மனதில் வரிசையாக நிறுத்திப் பார்த்தால், ஒவ்வொருவர் பின்னாலும் சம்பளமில்லாத ஒரு வயதான பெண் நிற்கிறார். அம்மா, மாமியார், கல்யாணமாகாத அக்கா, விதவைச் சித்தி. அப்படி ஒருவர் வாய்க்காதவர்களுக்கு அந்த வெள்ளைத்தாள். இதைத் திறமை என்று எப்படிச் சொல்வது? என்னைவிடக் கெட்டிக்காரிகள் கடைசிவரை கேஷ் கவுன்ட்டரில் இருந்தார்கள்.

கடப்பாவில் முதல் சில மாதங்கள் "மேனேஜர் சார் லேதா?" என்று, அதாவது மேனேஜர் இல்லையா என்று, என்னிடமே கேட்டார்கள். அது வாடிக்கையாளர் பிரச்சினை, பழகினால் தீர்ந்துவிடும், தீர்ந்தது. தீராதது அலுவலகத்தின் உள் பங்கீடு. மகளிர் சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை 1992இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு தொடங்கியது. அருமையான திட்டம், அதில் வேலை பார்த்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் எந்தக் கிளையில் நான் சேர்ந்தாலும் குழுக்கடன் என் மேஜைக்குத்தான் வரும். நகைக்கடன், டெபாசிட், பென்ஷன் பட்டுவாடா இவையும் அப்படியே. பெரிய நிறுவனக் கடன், அந்நியச் செலாவணி எல்லாம் எதிர் மேஜைக்கு. "லேட்டாகும் மேடம், பார்ட்டியோட ஃபேக்டரிக்கெல்லாம் போகணும், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று கரிசனத்தோடுதான் சொல்வார்கள். பத்து ஆண்டு கழித்து ஸ்கேல் 4, அதாவது ஆபீசர்களில் நான்காம் படிக்கான இன்டர்வியூவில் முதல் கேள்வி: எத்தனை கோடி வரை கார்ப்பரேட் கடன் கையாண்டிருக்கிறீர்கள்? கரிசனத்தின் விலை அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த முறை நானே கேட்டு ஒரு தொழிற்பேட்டைக் கிளைக்குப் போய், அதற்கப்புறம்தான் தேறினேன்.

ஐந்து மணியானால் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று ஒரு புகார் எல்லாக் கிளைகளிலும் உண்டு. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தபோது என் கிளையில் கவுன்ட்டரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பழைய நோட்டு எண்ணி, கட்டுக் கட்டி, கையிருப்பும் கணக்கும் ஒத்துப்போய் கேஷ் டாலி ஆகும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்கு வாசலில் வரிசையாக பைக்குகளோடு கணவன்மார், அப்பாமார், ஒரு பையன். அந்தப் புகாரை அதற்குப் பிறகு என் காதுபட யாரும் சொல்லவில்லை.

அரசுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. 2014இல் மத்திய நிதி அமைச்சகம் அரசு வங்கிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: மணமான பெண் ஊழியரைக் கூடுமானவரை கணவர் இருக்கும் ஊரிலோ அருகிலோ போட வேண்டும், மணமாகாதவரைப் பெற்றோர் இருக்கும் இடத்தில். எத்தனையோ பேருக்கு அது உதவியது, நானே பரிந்துரை எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒன்று உறுத்தும். அந்தக் கடிதத்தில் கணவரின் ஊர் நிலையானது. நகர வேண்டியது மனைவி. மனைவி மேனேஜராக இருக்கும் ஊருக்குக் கணவனை அனுப்பச் சொல்லி அதில் எழுதவில்லை. அதைவிட, பெண்களைச் சொந்த ஊர்ப்பக்கம் விட்டுவிட்டு ஆண்களைத் தூரமாக அனுப்பினால், கஷ்டமான கிளை, பெரிய கிளை அனுபவமெல்லாம் யார் கணக்கில் சேரும்? மறுபடி அதே இன்டர்வியூ கேள்விதான். நாலு ஊர் மாறித்தான் ஆளாக வேண்டும் என்ற விதியையே யாராவது கேள்வி கேட்டிருக்கலாம். கோர் பேங்கிங் வந்து எந்தக் கணக்கையும் எந்தக் கிளையிலிருந்தும் பார்க்கலாம் என்றான பிறகும் அந்த விதி அசையவில்லை.

உச்சியில் பெயர்கள் உண்டு. 2000இல் நஷ்டத்தில் தத்தளித்த இந்தியன் வங்கிக்குத் தலைவராகச் சென்னைக்கு வந்தார் ரஞ்சனா குமார். ஓர் அரசு வங்கியின் தலைமைக்கு வந்த முதல் பெண் அவர். 2013இல் அருந்ததி பட்டாச்சார்யா ஸ்டேட் வங்கியின் தலைவரானார். பராமரிப்புக் காரணங்களுக்காகப் பெண்கள் இரண்டு ஆண்டுவரை விடுப்பில் போய்விட்டுத் திரும்பும் ஏற்பாடு அங்கே வந்தது. அதே 2013இல் பெண்களுக்கென்றே பாரதிய மகிளா வங்கி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 2017 ஏப்ரலில் அது ஸ்டேட் வங்கியோடு கலந்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றுமில்லை.

அந்த வெள்ளைத்தாளின் கணக்கு வேலையோடு முடிவதில்லை. எங்கள் தலைமுறைக்கான பென்ஷன் விதிப்படி, முழுச் சேவை உள்ளவருக்குக் கடைசிப் பத்து மாத சராசரி ஊதியத்தில் பாதி. கிளார்க்காக ஓய்வு பெற்றவர் கிளார்க் ஊதியத்தின் பாதியில்தான் கடைசிவரை வாழ வேண்டும். நான் சொன்ன அந்த அதிக மதிப்பெண் அம்மாளின் கணவருக்கு இப்போது அவரைவிட நன்றாகவே கூடுதல் பென்ஷன். பிள்ளைகள் இருவரையும் படிக்க வைத்து ஆளாக்கியது யார் என்று பென்ஷன் பிரிவில் கேட்பதில்லை.

2020இல் நான் ஓய்வு பெற்றேன். என்னிடம் புரொபேஷனராக இருந்த ஒரு பெண் போன வருடம் போன் செய்தாள். ஸ்கேல் 3 கிடைத்திருக்கிறது, விஜயவாடா போஸ்டிங், போகவா வேண்டாமா? நான் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்றேன். அவர் ஐடி கம்பெனிக்காரர், வீட்டிலிருந்தே வேலை. "நானும் லேப்டாப்பை எடுத்துட்டு வரேன்னு சொல்றார் மேடம்" என்றாள். இப்போது மூன்று பேரும் அங்கேதான் இருக்கிறார்கள், குழந்தையை ஸ்கூலில் விட்டு அழைத்து வருவது அவர் பொறுப்பு. அவருடைய அம்மாதான் இன்னும் மருமகளோடு பேச்சை வைத்துக்கொள்ளவில்லையாம்.