கணக்கு வராதுங்க மேடம்

நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்று போடும் மருந்துக் கணக்கு வகுப்பு என்றாலே பாதிப் பிள்ளைகள் முகம் வாடிவிடும். கோபி, பவானி, சென்னிமலை, தாராபுரம் பக்கமிருந்து நர்சிங் படிக்க வருகிறவர்களில் நிறைய பேர் பத்தாவதோடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பிளஸ் டூவில் ப்யூர் சயின்ஸோ தொழிற்பிரிவு நர்சிங்கோ எடுத்து, இனி அந்தத் தொல்லை இல்லை என்ற நிம்மதியில் வந்தவர்கள். "எனக்குக் கணக்கு வராதுங்க மேடம்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

நான் அதை நம்புவதில்லை. பத்து லிட்டர் ஸ்ப்ரேயர் டேங்குக்கு 20 மில்லி மருந்து என்றால் ஆறு லிட்டர் தண்ணிக்கு எவ்வளவு என்று கேளுங்கள், தோட்டத்தில் அப்பாவுக்குக் கூடமாட இருந்த பிள்ளை பட்டென்று 12 என்று சொல்லும். அதே பிள்ளையிடம், 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால், சிரப்பில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் இருக்கிறது, எத்தனை மில்லி கொடுப்பாய் என்றால் உறைந்து போகும். 180 மில்லிகிராம் வேண்டும், ஒரு மில்லியில் 50 இருக்கிறது, ஆக 3.6 மில்லி. தோட்டத்தில் போட்ட அதே விகிதம்தான்.

கணக்கின் மேல் பயம் அதிகமுள்ளவர்களுக்கு, கணக்குப் போடும் நேரத்தில் எண்களை மனதில் நிறுத்தி வைக்கும் இடமே சுருங்கிவிடுகிறது என்று ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். பயம் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. இது தெரிந்தும் நாம் போர்டில் சூத்திரத்தை எழுதிப் போட்டு, பத்து நிமிஷத்தில் பத்துக் கணக்கு என்று டெஸ்ட் வைத்து, மார்க்கை வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தால் அந்தப் பயம் எப்படிப் போகும்? சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, எது மேலே எது கீழே என்பது பரிட்சை ஹாலிலேயே குழம்பும். ராத்திரி டியூட்டியில் கேட்கவே வேண்டாம்.

என் வகுப்பில் சூத்திரம் கடைசியில்தான் வரும். முதலில் கையில் வயல் என்கிற மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் கொடுத்து, கணக்குப் போடும் முன்பே ஒரு கேள்வி கேட்பேன்: ஒரு ஆம்பியூலுக்குள், அதாவது உடைத்து எடுக்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள், அடங்குமா, தாண்டுமா? அதைச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். விடையில் ஐந்து ஆம்பியூல் என்று வந்தால் அவர்களுக்கே உறுத்தும், உறுத்த வேண்டும்.

இன்சுலினுக்கு மட்டும் நான் நிறைய நேரம் ஒதுக்குவேன். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் வயலும் இருக்கிறது, 100 யூனிட்டும் இருக்கிறது. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. இதைப் புத்தகத்தில் படிப்பதை விட, வெறும் தண்ணீரை இரண்டு சிரிஞ்சிலும் இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

அப்புறம் மெஷின் பயம். ஃபோனில் எதை வேண்டுமானாலும் தேடி எடுக்கிற பிள்ளைகள், சிரிஞ்சில் இருக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் சிரிஞ்ச் பம்ப் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கம்ப்யூட்டர் லேபிலும் அப்படித்தான். தப்பான பட்டனைத் தொட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம், அதனால் திரை சொன்னதே சரி என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அதிகக் கவலை. 50 மில்லி சிரிஞ்சில் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் டோபமின் 200 மில்லிகிராம், 60 கிலோ நோயாளி, நிமிஷத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 4.5 மில்லி. புள்ளி விழாமல் 45 என்று ஏறிவிட்டால் பம்புக்கு வித்தியாசம் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. "இந்த சிரிஞ்ச் எத்தனை மணி நேரம் வரும்?" என்று கேட்கப் பழகிய பிள்ளைக்குத் தெரியும். சரியாக இருந்தால் 11 மணி நேரம் ஓடும், தப்பென்றால் ஒரு மணி நேரத்தில் காலி. அதனால் நோயாளி இல்லாத பம்பில் தப்பான எண்ணை வேண்டுமென்றே போட வைத்து, அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்கிறேன். நாலைந்து முறை தப்பாகத் தொட்டும் ஒன்றும் வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் கை தானாக முன்னே வருகிறது.

வார்டில் இருக்கும் சீனியர் சிஸ்டர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வார்டுப் பயிற்சிக்குப் போஸ்டிங் வந்த பிள்ளை கணக்கைச் சரிபார்க்கச் சொன்னால் "இதுகூடத் தெரியாதா" என்று கேட்டுவிடாதீர்கள், அடுத்த முறை அது கேட்காமலேயே ஊசியை எடுத்துக்கொண்டு போய்விடும். இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின், பொட்டாசியம் என்று அளவு தப்பினால் ஆபத்தான மருந்து என்றால் உங்கள் விடையை முதலில் சொல்லாமல், அவளையும் தனியாகப் போடச் சொல்லி, அப்புறம் இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.