அம்மாவோட வத்தல் வேட்டியும் என்னோட கலை ஆர்வமும்

போன தை மாசம் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அங்க ஒரு கோயில்ல தொம்பை தொங்கிட்டிருந்துச்சு. நீளமா குழாய் மாதிரி தச்ச துணி, அது முழுக்க கையாலயே வரைஞ்ச படம், அதான் கருப்பூர் கலம்காரி, 2021ல புவிசார் குறியீடு கூட கெடச்சுது. நா அண்ணாந்து பாத்துட்டே நின்னதுல பந்தில மொத வரிசை போச்சு. அதோட விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் இதை நாமளே செஞ்சா என்னன்னு தோணிச்சு பாருங்க, அங்க புடிச்சது சனி.

பிளான் என்னன்னா, வேட்டித் துணில கொஞ்சம் மஞ்ச சாயம், கொஞ்சம் கலம்காரி, பழைய பட்டுப்புடவை பார்டர், கல்யாணப் பத்திரிகைத் துண்டு, எல்லாத்தையும் தச்சு ஒட்டி பிளைவுட்ல அடிச்சு ஹால்ல மாட்டுறது. மிக்ஸ்டு மீடியா ஆர்ட்டுன்னு சொன்னேன். அப்பா "மீடியான்னா நியூஸ்காரன்ல்ல"ன்னுட்டு பேப்பருக்குள்ள போயிட்டார்.

மொதல்ல கருப்பு மை. அதுக்குத் துருப்புடிச்ச இரும்பை வெல்லத் தண்ணில போட்டு ரெண்டு மூணு வாரம் ஊற விடணும். பரண்ல கெடந்த பழைய ஆணி, ஒடஞ்ச தாழ்ப்பாள், ஒரு சைக்கிள் செயின், எல்லாத்தையும் மண்பானைல போட்டு வாயில துணி கட்டி மாடில வச்சேன். அஞ்சாம் நாள்லேர்ந்து வாசம் வர ஆரம்பிச்சுது. அப்பா ஒரு நாள் ராத்திரி மெதுவா வந்து, "பானைல என்னம்மா போட்டிருக்க, வெல்லம் புளிச்ச மாதிரி வருதே"ன்னார். குரல்ல பயத்தை விட ஆசை தான் ஜாஸ்தியா இருந்துச்சு. சைக்கிள் செயின்னு சொன்னதும் மூஞ்சி தொங்கிப் போச்சு பாவம்.

அது ஊறுற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா, அலமாரிக்கு அடியில சுருட்டி வச்சிருந்த ஒரு பழைய எட்டு முழ வேட்டிய எடுத்து ரெண்டாக் கிழிச்சு ஒரு பாதிய மஞ்சத் தண்ணில முக்கினேன். சாயம் போடுறதுக்கு முன்னாடி துணிய சோடா போட்டு கொதிக்க வச்சு கஞ்சி, எண்ணெய்ப் பசையெல்லாம் எடுக்கணும்னு எங்கயோ படிச்சது ஞாபகம் இருந்துச்சு, ஆனா வெளுத்துப் போன வேட்டில என்ன கஞ்சி இருக்கப் போவுதுன்னு விட்டுட்டேன். காய வச்சா, துணி முழுக்க வரிசை வரிசையா வெளுத்த வட்டம். ஒவ்வொண்ணும் தோசைக்கரண்டி அகலம். நா சத்தியமா பூரிச்சுப் போயிட்டேங்க, முடிச்சு போடாமலே சுங்குடி வந்துடுச்சுன்னு நாலு போட்டோ எடுத்து அக்காவுக்கு வேற அனுப்பிட்டேன்.

அம்மா மாடிக்கு வந்தாங்க. துணியப் பாத்தாங்க. வட்டத்தை வெரலால தடவிப் பாத்தாங்க.

"ஏன்டி, இது என் வத்தல் வேட்டி."

பன்னெண்டு வருஷமா சித்திரை வெயில்ல கூழ் ஊத்தி, காஞ்சதும் துணியத் திருப்பி பின்னாடி தண்ணி தெளிச்சு உரிச்சு எடுப்பாங்களே, அந்த வேட்டி. கூழு ஏறி இறுகின எடத்துல சாயம் புடிக்கல, அவ்ளோ தான் என் சுங்குடி.

அம்மா திட்டுன திட்டுல அழுக்காவது போவட்டும்னு பயத்துல சோப்பு போட்டு கசக்கினேன் பாருங்க, மஞ்ச மொத்தமும் ரத்தச் செவப்பா மாறிடுச்சு. நா கையில வெட்டிக்கிட்டேனோன்னு வெரலெல்லாம் பாத்தேன். அம்மா தலைல அடிச்சுக்கிட்டாங்க, "மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்து ஆரத்தி கரைச்சதே இல்லையா நீ, புதுத் துணி ஓரத்துல வச்ச மஞ்ச சோப்பு பட்டா செவக்கிறத பாத்ததே இல்லையா?" பாத்திருக்கேன் தான், முப்பத்தெட்டு வருஷமா பாக்குறேன், ஆனா அது ஆர்ட்டுல வரும்னு யாரு கண்டா. அப்புறம் அவங்களே அரை எலுமிச்சம்பழம் புழிஞ்ச தண்ணில அலசினாங்க, பழையபடி மஞ்சளாயிடுச்சு. "நெழல்ல காய வை, வெயில்ல மஞ்ச நிக்காது"ன்னுட்டு கீழ போனாங்க. நா கேக்கல. ஒரே வாரத்துல வெளுத்து மோர்க்கொழம்பு கலருக்கு வந்துடுச்சு.

சரி, மிச்ச பாதி. கலம்காரிக்குத் துணிய கடுக்காயும் எருமப்பாலும் கலந்து ஊற வைப்பாங்க. கடுக்காய் இருந்தா தான் அந்த இரும்புத் தண்ணி கருப்பாவும், பால்ல இருக்கற கொழுப்பு தான் மைய பரவாம புடிச்சு வைக்கும். நாட்டு மருந்துக் கடைல நூறு கிராம் கடுக்காய்ப்பொடி வாங்கினேன். வேட்டி விவகாரத்துக்கு அப்புறம் அம்மாகிட்ட பால் கேக்க தைரியம் இல்ல, அதனால பால் இல்லாமலே ஊற வச்சேன். மூங்கில் குச்சில துணி சுத்தி நூல் கட்டி, பானைத் தண்ணில தோய்ச்சு ஒரு கிளி வரைஞ்சேன். கோடு மொதல்ல மங்கலா இருந்துச்சு, கண்ணு முன்னாடியே கருத்துச்சு, சூப்பர்னு நெனைக்கறதுக்குள்ள ஓட ஆரம்பிச்சுது. கிளி காக்கா ஆச்சு. காக்கா கோழி ஆச்சு. நா டீ குடிச்சுட்டு வந்து பாக்கறப்ப எருமை படுத்திருந்துச்சு. பால் ஊத்தாத கோவமோ என்னமோ.

மறுநாள் ஒரு பாக்கெட் பாலைத் திருடி இன்னொரு துண்டை ஊற வச்சு காயப் போட்டேன். கோடு அருமையா நின்னிருக்கும். எதிர்வீட்டுப் பூனை அதை நக்கி, அது மேலயே தூங்கி, போறப்ப நகத்தால பிராண்டிட்டுப் போச்சு. அதையும் விடல நா, கிழிஞ்ச எடத்துல பட்டு பார்டர் வச்சு ஓட்டுத் தையல் போட்டு, எருமையையும் நடுவுல வச்சு, ஃபெவிகால் தடவி மாட்டிட்டேன். வந்த சித்தி ரொம்ப நேரம் பாத்துட்டு, "எரும நல்லா இருக்குடி"ன்னாங்க. ஆமா சித்தின்னுட்டேன்.

இப்ப சித்திரை வந்தாச்சு. நேத்து அம்மா ஜவ்வரிசி ஊற வச்சாங்க. இன்னைக்குக் காலைல மாடில போய்ப் பாத்தா வத்தலுக்கு அடியில பளபளன்னு புது மல்லுவேட்டி, ஜரிகை கூட மங்கல. அப்பா பொங்கலுக்கு எடுத்தது. அவரு இன்னும் மாடிக்கு வரல, முழங்கால் வலி.