சாலைக்கு மேலே ஒரு கம்பியில்லாப் பாலம்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் மளிகை மொத்த வியாபார நிறுவனத்துக்கு அலுவலகம் ஒரு கட்டடத்தில், கிடங்கு சாலைக்கு எதிர்ப்புறம் சுமார் 300 மீட்டர் தள்ளி இன்னொரு கட்டடத்தில். ஈதர்நெட் செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் உதவாது. கண்ணாடியிழை பதிப்பதற்காகப் பொதுச் சாலையைத் தோண்டுவது எங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. எனவே கட்டட நிர்வாகங்களிடம் அனுமதி பெற்று, தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஐஎம்டிஏவில் பதிவான சாதனமா என்று பார்த்து வாங்கி, இரு கட்டடங்களின் வலையமைப்பையும் ரேடியோ அலையால் இணைக்கும் வயர்லெஸ் பிரிட்ஜ்கள் இரண்டைக் கூரைக்கு ஒன்றாகப் பொருத்தினோம்.

பெட்டியில் அச்சிட்டிருந்த, விநாடிக்கு 867 மெகாபிட் என்ற வேகத்தை நம்பியதுதான் என் முதல் தவறு. அது இரண்டு சாதனங்களும் காற்றில் பேசிக்கொள்ளும் வேகம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேச முடியும் என்பதாலும், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் 'கிடைத்தது' என்று ஒப்புகை அனுப்ப வேண்டியிருப்பதாலும், கைக்கு வந்து சேர்வது ஏறத்தாழ அதில் பாதிதான். போதாக்குறைக்கு அக்கம்பக்கத்து அலுவலகங்களின் வைஃபை இரைச்சல். அதற்காக அலைவரிசையின் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40 ஆகக் குறைத்ததும் கிடைத்தது 200 மெகாபிட் அளவில் நின்றது. ஆனால் அந்த 200 ஆடாமல் கிடைத்தது. பன்னிரண்டு கண்காணிப்புக் கேமராக்களுக்கு ஆளுக்கு 4 மெகாபிட் என்று வைத்தாலும் 48தான் ஆகிறது. பார்கோடு ஸ்கேனர்களும் தொலைபேசிகளும் கேட்பது சொற்பம்.

எதிர்க் கூரை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தது அடுத்த தவறு. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் மட்டும் போவதில்லை. நடுவில் பருத்த, வாழைப்பூ போன்ற வடிவத்தில் இடம் கேட்கிறது. இதை ஃப்ரெனெல் மண்டலம் என்பார்கள். 300 மீட்டர் தொலைவில், எங்கள் பிரிட்ஜ் பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, நடுவிடத்தில் அதன் ஆரம் ஏறத்தாழ 2 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். எங்கள் நடுவிடத்தில் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பகலைவிட இரவில் சிக்னல் சற்று மேம்பட்டதைப் பார்த்து, அந்தியில் இலையை மடக்கிக்கொள்ளும் மரம்தான் காரணமோ என்றுகூட யோசித்தேன், நிரூபிக்க வழியில்லை. சாலையோர மரத்தில் நாம் கை வைக்க முடியாதாகையால் ஆண்டெனாக் கம்பத்தை ஒன்றரை மீட்டர் உயர்த்தினோம். அதன் பிறகு இரவும் பகலும் ஒன்றாயின.

அப்போதும் வாரத்துக்கு ஓரிரு முறை, "தம்பி, ஸ்கேனர் மறுபடியும் படுத்துவிட்டது" என்று கிடங்குப் பொறுப்பாளர் அழைப்பார். நான் படியிறங்குவதற்குள் சரியாகியிருக்கும். பிரிட்ஜ் தானே எழுதிவைக்கும் பதிவேட்டைப் பார்த்ததில் விடை கிடைத்தது. 5 கிகாஹெர்ட்ஸின் ஒரு பகுதி ரேடார்களுக்கும் பொதுவானது. ரேடார் துடிப்பு என்று சந்தேகம் எழுந்த உடனேயே பிரிட்ஜ் வாயை மூடிக்கொண்டு, அதே பகுதியில் வேறு அலைவரிசைக்கு மாறினால் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்ட பிறகுதான் பேச வேண்டும் என்பது விதி. அந்தப் பகுதிக்கு வெளியே, 5,725 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள அலைவரிசைக்கு மாற்றினேன், அழைப்புகள் நின்றன. அலைவரிசையை நாமே நிர்ணயிக்கவிடாமல் 'தானியங்கி' ஒன்றையே தரும் மலிவுச் சாதனத்தை வணிகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே இணைப்பில் போகும் பல வலையமைப்புகளைப் பிரித்துக்காட்டும் வீலேன் (VLAN) அடையாளங்களை பிரிட்ஜ் மாற்றாமல் கடத்துகிறதா என்பதையும் வாங்குமுன் கேட்டுவிட வேண்டும். கேமரா, கணக்கு, விருந்தினர் வைஃபை மூன்றும் ஒரே பாலத்தில் தனித்தனியாகப் போக அது அவசியம். சாதனத்தோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் கடவுச்சொல்லை மாற்றுவதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு கேமராக்கள் பெருகவே 60 கிகாஹெர்ட்ஸ் பிரிட்ஜ் இணை ஒன்றை வாங்கினோம். ஒரு கிகாபிட் அளவுக்கு வேகம், அண்டை வீட்டார் தொல்லையும் இல்லை. ஆனால் அந்த அலையைக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 டெசிபெல் (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) விழுங்குகிறது; மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் நம்மூர் மழை இன்னும் 30 டெசிபெல் அளவுக்கு. எங்கள் 300 மீட்டருக்கு இரண்டும் சேர்ந்து 13 அல்லது 14 டெசிபெல் இழப்பு. அதைத் தாங்கும் அளவுக்குச் சிக்னல் வலு மிச்சம் இருக்கிறதா என்பதே வாங்கும்போது நான் கேட்ட முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, மழையைப் பெரிதாகப் பொருட்படுத்தாத 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அதே பெட்டிக்குள் துணைக்கு இருக்கிறதா, தானாக மாறுமா என்பது.

இடி மின்னலுக்குப் பேர்போன ஊர் இது. கூரையிலிருந்து இறங்கும் கேபிளின் இரு முனைகளிலும் மின்னெழுச்சித் தடுப்பானும், கம்பத்துக்கு முறையான நிலத்தொடர்பும் வைத்தோம். கேபிள் வழியே மின்சாரம் தரும் பிஓஇ முறையில் 24 வோல்ட் வகையும் 48 வோல்ட் வகையும் உண்டு. செருகி ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிச் செருகி நான் கருக்கிய சாதனம் ஒன்று இன்னும் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

போன மாதம் விடியற்காலையில் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து ஒரு சூறைக்காற்று கொட்டும் மழையோடு வந்துபோனது. 60 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு நான்கு நிமிடம் படுத்து எழுந்ததாகப் பதிவேடு சொல்கிறது. அன்று காலை கிடங்குப் பொறுப்பாளர் அழைத்தார். காப்பி வாங்கி வரட்டுமா என்று கேட்பதற்கு.